‘வெதரிங்’: மாசேற்றலா, நாட்படுத்தலா?

செ.மு.:
அன்பர்களுக்கு வணக்கம். மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. டபிள்யூ.டி.எம்.2 என்ற டீசல் ரயில் இன்ஜினின் 1:87 மாதிரியை (உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு) கட்டி வண்ணம் பூசும் பயிற்சி. அடிப்பூச்சு, மேற்பூச்சு எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. கடைசிக் கட்டமான ‘வெதரிங்’குக்கு இல்லை. புதிதாகப் பூசிய மாதிரியைப் பல காலம் ஓடிய இன்ஜின் போலக் காட்டும் வேலை அது. ‘வானிலையாக்கம்’ என்று ஒருவர் தந்தார். அதை மாணவர் முன் வைக்க மனம் வரவில்லை.

அ.க.:
மாசேற்றல். இதைவிட எளிய சொல் இல்லை. மா என்றால் கருமை. மாமை, மாயோன், மாசு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. சங்கத் தலைவியின் மாமையை, அதாவது மேனி நிறத்தை, பிரிவால் வரும் பசலை தின்பதும் நிறம் கெடுவதுதானே? தமிழனுக்கு இது புதிய செய்தி அன்று.

ம.தே.:
ஐயா, பசலையை விட்டு இன்ஜினுக்கு வாருங்கள். நான் இந்த வேலையைச் செய்கிறவள். பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பக்கவாட்டுக் காற்றுத் திறப்புகளில் விடுவேன். இடுக்கில் இறங்கியதும் மிச்சத்தைப் பஞ்சால் மேலிருந்து கீழாகத் துடைப்பேன். மழைநீர் வழிந்த கோடு அப்படித்தான் விழும். புகைபோக்கியைச் சுற்றிக் கரித்தூள். பிரேக் கட்டை தேய்ந்து படியும் தூளுக்காகச் சக்கரச் சட்டத்தில் துருநிறம். டீசல் தொட்டியின் வாய்க்குக் கீழே மட்டும் பளபளப்பான வார்னிஷ். சிந்திய எண்ணெய் மின்னும் அல்லவா? இதுவரை மாசு பொருந்தும். ஆனால் வெயிலில் வெளுத்த சிவப்பைக் காட்ட, அதே சிவப்பில் வெள்ளை கலந்து மெல்லிய படலமாகத் தெளிக்கிறேன். அங்கே மாசு ஏறவில்லை, நிறம்தான் போயிருக்கிறது.

இரா.:
அம்மையார் சொல்வது சரி. ‘பழமையூட்டல்’ என்றாலும் இடிக்கும்; ஒரே ஒரு மழைக்காலம் ஓடிய இன்ஜினின் கூரையும் கரியேறித்தான் இருக்கும், அது பழைய இன்ஜின் ஆகிவிடாது. நான் ‘நாட்படுத்தல்’ என்பேன். நாட்படு தேறல், அதாவது பல நாள் வைத்து முதிர்ந்த கள், சங்க வழக்கு. தேறல் தானே நாட்படும். மாதிரியை நாம் நாட்படுத்துகிறோம். படு தன்வினை, படுத்து பிறவினை. இலக்கணம் கையிலேயே இருக்கிறது.

அ.க.:
‘நாட்பட்ட’ என்றதும் பிள்ளைகளுக்கு நோய்தான் நினைவுக்கு வரும்.

த.:
‘வெதரிங்’ என்றே எழுதினால் என்ன? டீசல் ஒரு மனிதரின் பெயர். அதை வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? கடைக்குப் போய் வண்ணப் புட்டி கேட்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்தான் உதவும். எனக்கு உறுத்துவது ‘மாதிரி’. 1:87 கணக்கில் நம் அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி 19.3 மி.மீ. வரவேண்டும். 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டு அதை எப்படி மாதிரி என்பது?

இரா.:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நாளை அச்சு.

செ.மு.:
நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை நாட்படுத்தல் பக்கம். தலைப்பில் அதை வைக்கிறேன். கீழே ‘உழைத்த இன்ஜினின் தோற்றம் தருதல்’ என்று விளக்கமும், வெதரிங் என்பதை ஒரு முறையும் சேர்க்கிறேன்.

அ.க.:
என் வாக்கு மாசேற்றலுக்கே. வெளுப்பைத் தனியே பிரித்து ‘நிறமிறக்கல்’ என்று வையுங்கள், சிக்கல் தீர்ந்தது.

ம.தே.:
நிறமிறக்கல் நல்ல சொல். பிரித்தால் அதை முன்னால் வையுங்கள். அழுக்கின் மேல் வெளுப்பைத் தெளித்தால் பிள்ளைகளின் வேலை பாழாகும்.