ஆர்கனாய்டு: உறுப்புப்போலியா, சிற்றுறுப்பா?

கோவையிலிருந்து:

அன்பர்களே, வணக்கம். மார்ச், பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். கல்லூரியில் மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு சிறுநூல் போடுகிறோம், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஆய்வகத்தில் அணுக்களிலிருந்து வளர்க்கும், உறுப்பைப் போன்ற நுண்ணிய அமைப்புதான் ஆர்கனாய்டு. அதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில், எலிக்குடலின் ஒற்றைக் குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) குடல் உட்சுவர் போன்ற அமைப்பை வளர்த்தார்கள். 2015இல் மனிதக் குடலணுக்களில் வளர்த்தவற்றில் ஏபிசி, கேராஸ், எஸ்மேட்4, டிபி53 முதலிய மரபணுக்களைக் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் மாற்றி எலிக்குள் வைத்தபோது கட்டி வந்தது. ஆனால் கல்லீரலில் குடியேறிப் பெருகவில்லை. அப்படியானால் பரவலை முடுக்கும் மரபணு எது? அந்தத் தேடலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் தாருங்கள்.

பெருந்துறையிலிருந்து:

உறுப்புப்போலி. வேறென்ன வேண்டும்? நன்னூல் உவம உருபுகளை அடுக்கும்போது ‘போல’ என்றுதான் தொடங்குகிறது. அதை எழுதிய பவணந்தியார் நம் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாருக்கும் இதே வட்டாரம்தான் என்பார்கள், அதைத் தனியாக எழுதுகிறேன். இலக்கணத்தில் போலி இழிசொல் அல்ல. பந்தல் பந்தரானால் நிழல் குறைந்துவிடுமா?

ஈரோட்டிலிருந்து:

ஐயா, நான் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். “உங்க கட்டியிலிருந்து போலி வளர்த்து மருந்தைச் சோதிக்கிறோம்” என்று நோயாளியிடம் எந்த வாயால் சொல்வேன்? போலி டாக்டர், போலி மருந்து என்று பேப்பரில் படிக்கிறவர்கள் அவர்கள். சிற்றுறுப்பு என்றால் கேட்டதும் புரியும்.

கோபியிலிருந்து:

அக்கா சொல்வது நியாயம்தான், ஆனால் அது சிறிய உறுப்பு இல்லை. இரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, தசை கிடையாது. நான் இவற்றை வளர்த்திருக்கிறேன். அணுக்களை ஒரு புரதக்கூழில் கலப்போம், ஐஸில் இருக்கும்வரை அது ஓடும். தட்டில் சொட்டாக விட்டு 37 டிகிரிப் பெட்டிக்குள் வைத்தால் சற்று நேரத்தில் குமிழாக உறையும். அதற்குள் அணுக்கள் உருண்டையாகி, சில நாளில் சுற்றிலும் மொட்டு விடும். ஏபிசியைக் கெடுத்தால் மொட்டு நின்றுபோய் உருண்டை வெறுமனே பருக்கும். மற்றவை வளரத் தேவையான ஆர்-ஸ்பாண்டின் என்ற புரதத்தை ஊற்றாவிட்டாலும் அது சாகாது. இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு மரபணுவை முடக்கி, எது கல்லீரல் வரை போய்ப் பிழைக்கிறது என்று எலியில் பார்க்கலாம். இதில் ‘போல’ என்பதுதான் உயிர், அதை விடக்கூடாது.

பெருந்துறையிலிருந்து:

தம்பிக்கு நன்றி. போலி கசந்தால் ‘புரைய’வும் உவம உருபே. உறுப்புப்புரை?

ஈரோட்டிலிருந்து:

புரையோடிய புண்ணைத் தினமும் கழுவிக் கட்டுகிறவள் நான். தயவுசெய்து வேண்டாம் ஐயா.

தாராபுரத்திலிருந்து:

நடுவில் ஒன்று. புற்று வேறு உறுப்புக்குப் போய் வளரும் மெட்டாஸ்டாசிஸுக்குப் ‘பரவல்’ போதாது, காய்ச்சல்கூடப் பரவும். ‘பதியம்’ எனலாமே. மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் அங்கே வேர்விட்டுத் தனிச் செடியாகிறது.

கோபியிலிருந்து:

பதியத்தில் வேர்விடும்வரை தாய்ச்செடியோடு ஒட்டு இருக்கும். புற்றணு முதலிலேயே கழன்று இரத்தத்தில் போகிறது, குடலிலிருந்து கல்லீரல் வாயிற்சிரை வழியாக. ‘புற்றுக் குடியேற்றம்’ நெருங்கி வருகிறது. ஆர்கனாய்டுக்கு ‘நிகருறுப்பு’ எப்படி? நிகரவும் உவம உருபுதான், புண்ணும் இல்லை, பொய்யும் இல்லை.

ஈரோட்டிலிருந்து:

நிகர் என்றால் எங்கள் ஆட்களுக்கு நிகர லாபம்தான் ஞாபகம் வரும். மஞ்சள் மண்டி ஊருங்க இது.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சிற்றுறுப்பு பக்கம். முதல் இடத்தில் ‘ஆர்கனாய்டு என்னும் சிற்றுறுப்பு’ என்று போட்டு, அது முழு உறுப்பு அல்ல என்று கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன். புற்றை முடுக்கும் டிரைவர் ஜீனுக்கு ‘உந்து மரபணு’, பரவலுக்குப் பரவலே.

பெருந்துறையிலிருந்து:

அடிக்குறிப்பு கேட்கிற சொல் கலைச்சொல் ஆகாது. போலியைக் கைவிட்டேன், நிகருறுப்பைக் கைவிடவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது சொல்லுங்கள். அடியார்க்கு நல்லார் பற்றி நாளை எழுதுகிறேன்.