பட்ஜெட் மாடல்ல ஒரு நம்பர் மாத்தினாலே மொத்தமும் திரும்ப கால்குலேட் ஆகுது, எப்படி கட்டுப்படுத்துறது?

பட்ஜெட்_ஷீட்:
வணக்கம், அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு எக்ஸெல்ல ஒரு மாடல் ஓடுது. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு ஷீட், எல்லாம் சேர்ந்து ஒரு சம்மரி, கூடவே விலையும் விற்பனையும் ஏறி இறங்கினா லாபம் என்னாகும்னு பாக்க நாலஞ்சு டேட்டா டேபிள். ஒரு செல்லுல நம்பர் போட்டு என்டர் தட்டினா கீழ பர்சென்டேஜ் ஓடிக்கிட்டே இருக்கு. கால்குலேஷனை மேனுவல்ல போட்டா (நாம சொன்னாதான் கணக்கு போடுற மோடு) வேகமா இருக்கு, ஆனா யாராவது பழைய டோட்டலை பாத்து முடிவு எடுத்துட்டா என்ன பண்றது?

செல்_ஏ1:
முழு மேனுவலுக்கு போகாதீங்க. உங்க பிரச்சனை அந்த டேட்டா டேபிள்தான்னு தோணுது. பத்துக்கு பத்து டேபிள்னா அதுல இருக்குற 100 விடைக்கும் மாடலை 100 தடவை ஓட்டிப் பாக்கணும், நீங்க போடுற ஒவ்வொரு என்டருக்கும் அது நடக்கும். ஃபார்முலாஸ் டேப்ல கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் "ஆட்டோமேட்டிக் எக்ஸெப்ட் ஃபார் டேட்டா டேபிள்ஸ்" வைங்க. டோட்டல் எல்லாம் உடனே மாறும், டேபிள் மட்டும் எஃப்9 கீ அடிச்சாதான் மாறும்.

லெட்ஜர்:
மேலே சொன்னது சரி. ஒண்ணு மட்டும் கவனிங்க, இந்த செட்டிங் ஃபைலுக்கு ஃபைல் தனியா கிடையாது, முதல்ல திறக்குற ஃபைல் எந்த மோடுல சேவ் ஆகியிருக்கோ அதுதான் அப்புறம் திறக்குற எல்லாத்துக்கும். நீங்க மேனுவல்ல சேவ் பண்ணி மெயில் அனுப்பினா, அதை முதல்ல திறக்குறவரோட மத்த ஃபைலும் சத்தமில்லாம மேனுவலுக்கு போயிடும். கீழ ஸ்டேட்டஸ் பார்ல "கால்குலேட்"னு நின்னா நம்பர் பழசுன்னு அர்த்தம், அதை டீம்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

பட்ஜெட்_ஷீட்:
மாத்திட்டேன், நல்லாவே வேகம் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா சம்மரி ஷீட் இன்னும் கொஞ்சம் இழுக்குது, அதுல மாசத்தை தேர்ந்தெடுக்க ஆஃப்செட்டும் (ஒரு செல்லுல இருந்து இத்தனை வரிசை, இத்தனை காலம் தள்ளி எடுக்குற ஃபங்ஷன்) இன்டைரக்ட்டும் (எழுத்தா கொடுத்த செல் முகவரியை வெச்சு எடுக்குற ஃபங்ஷன்) நிறைய இருக்கு.

செல்_ஏ1:
அதான் காரணம். அந்த ரெண்டும் வொலட்டைல், சம்பந்தமே இல்லாத செல்லை மாத்தினாலும் திரும்ப ஓடும், அதை நம்பியிருக்குற ஃபார்முலாவும் கூடவே ஓடும். ஆஃப்செட்டை இண்டெக்ஸா (ஒரு ரேஞ்சுல இத்தனாவது இடத்துல இருக்குறதை எடுக்குற ஃபங்ஷன்) மாத்துங்க, அது தனக்கு வேண்டிய செல் மாறினாதான் ஓடும். இன்டைரக்ட் ஷீட் பேரை வெச்சு தேடுதுன்னா கொஞ்சம் வேலைதான், டிபார்ட்மென்ட் டேட்டா எல்லாத்தையும் ஒரே ஷீட்டுல கொண்டுவந்து சம்இஃப்ஸ் (நிபந்தனைக்கு பொருந்துறதை மட்டும் கூட்டுற ஃபங்ஷன்) போடுறது நல்லது.

லெட்ஜர்:
மேக்ரோ (எக்ஸெல்ல வேலையை தானா செய்ய எழுதுற கோட்) எதாவது இருந்தா அதையும் பாருங்க. ஆரம்பத்துல மேனுவலுக்கு மாத்திட்டு கடைசியில ஆட்டோமேட்டிக்குக்கு திருப்புற மாதிரி எழுதியிருப்பாங்க, நடுவுல எரர் வந்து நின்னா அந்த கடைசி வரிக்கு போகவே போகாது. திருப்புற வரியை எரர் ஹேண்ட்லர்லயும் (எரர் வந்தா ஓடுற பகுதி) போட்டுடுங்க.