நீளமான பிரெஞ்சுச் சொல்லை வாலிலிருந்து பிடியுங்கள்

பிரான்சுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகள் பலரும் கேட்பது இதைத்தான்: "அண்ணா, ஃபார்மில் பார்த்தால் புரிகிறது, கவுன்டரில் நின்றால் வாயில் வரமாட்டேன் என்கிறது." நானும் அப்படி நின்றிருக்கிறேன். கார்த் த செஜூர் (வசிப்பிட அனுமதி அட்டை) புதுப்பிக்கப் போன இடத்தில் 'ரனுவெல்மான்' (புதுப்பித்தல்) என்று மூன்று முறை சொல்லியும் அங்கிருந்த அம்மாவுக்குப் புரியவில்லை. காகிதத்தில் எழுதித்தான் காட்டினேன். முதல் அசையை அழுத்திவிட்டு மிச்சத்தை விழுங்கியிருக்கிறேன். பிரெஞ்சில் கடைசி அசைக்குத்தான் அழுத்தம்.

சரி, சொல்லை அசை அசையாக எப்படிப் பிரிப்பது? மெய்யின் மேல் உயிர் வந்து ஏறும் என்று பள்ளியில் புணர்ச்சி படித்தோமே, அதேதான். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போய்விடும். கார்டு வரும்வரை கையில் கொடுக்கும் தற்காலிகக் காகிதம் ரே-செ-பி-ஸே. இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றாகப் பிரியும். ப்ர, த்ர, ப்ல மாதிரி ஜோடிகளை மட்டும் வெட்டாதீர்கள்.

தங்குமிடச் சான்றிதழைப் பாருங்கள்: அ-தெஸ்-தா-சியோன் தே-பெர்-ஜ-மான். இரண்டாவது சொல்லில் எச் (h) ஊமை. அதனால் முன்னால் நிற்கும் டி (d) நேராக உயிர் மேல் ஏறி 'தே' ஆகிறது. பாரிஸ் மெட்ரோ லைன் 7இல் 'ஃபோர் தோ-பெர்-வி-லியே' என்ற நிலையத்திலும் இதே கதைதான். இந்த த எல்லாம் நம்முடைய த, பல்லில் நாக்குப் படும் த. ட போட்டுவிடாதீர்கள்.

முடிவில் வரும் மூக்கொலிக்குப் பயப்பட வேண்டாம். பேச்சில் 'மரம்' என்னும்போது உதட்டை மூடுகிறோமா? மூக்கில்தானே விடுகிறோம். அதுதான் 'சியோன்'. 'வந்தான்' என்று சொல்லும்போது கடைசியில் வருவது 'மான்'. ஆனால் பின்னால் உயிர் வந்தால் அந்த 'என்' (n) எழுந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும், மூக்கொலி போய்விடும். 'நா-சியோன்' (நாடு) என்பது 'நா-சியோ-நா-லி-தே' (குடியுரிமை) ஆவது அப்படித்தான். எல்லா ஃபார்மிலும் கேட்கும் சொல் இது, நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதிவைத்துப் படிப்பவர்கள் அசைக்கு அசை கோடு போட்டு எழுதுங்கள். சேர்த்து எழுதினால் 'ரேசெபிஸே'யில் உள்ள பி, 'சபை'யில் வருவதுபோல மெலிந்துவிடும். பிரெஞ்சில் மீனுக்கும் (poisson) குடிக்கிற பானத்துக்கும் (boisson) இந்த ஒரு ஒலிதான் வித்தியாசம். கோடு போட்டால் ஒவ்வொரு அசையும் தனிச் சொல் மாதிரி ஆகி, பி வல்லினமாகவே நிற்கும்.

அப்புறம், பழகும்போது வாலிலிருந்து தொடங்குங்கள். முதலில் மான். பிறகு ஜ-மான். பெர்-ஜ-மான். தே-பெர்-ஜ-மான். இப்படி ஏறினால் அழுத்தம் தானாகக் கடைசியில் விழும். எனக்கு இது தெரிந்த பிறகுதான் நீளத்துக்குப் பேர்போன, 25 எழுத்துள்ள anticonstitutionnellement (அரசியலமைப்புக்கு விரோதமாக) என்ற சொல்லே வாய்க்கு வந்தது: ஆன்-தி-கோன்ஸ்-தி-து-சியோ-நெல்-மான். எண்ணிப் பாருங்கள், எட்டே அசை.