தெருக் குழு தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. யூதர்களின் ‘ஹவூரா’ தோழமைக் குழு போல ஒன்று தொடங்கலாமா?

பதில் 1: தாராளமா தொடங்குங்கண்ணே. 10 பேர் கட்டாயம் என்பது மின்யான் எனும் கூட்டு வழிபாட்டுக்குத்தான். 1968இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹவுரத் ஷாலோம் என்ற ஹவூராவில் உறுப்பினர்களே முறைவைத்து நடத்தினார்கள். உங்களுக்கு 6 வீடு போதும். 15 பேரைத் தாண்டினால் நாலு பேர்தான் பேசுவார்கள், இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

பதில் 2: கூடும் நாளை மாற்றவே கூடாது. யூதர்களுக்கு வெள்ளி பொழுது சாய்ந்தால் ஷபாத் எனும் வார ஓய்வு நாள். யாரும் நினைவூட்ட வேண்டாம். அதுபோல மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை 5 மணி. வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) வேண்டாம், முகப்புத் திண்ணையில் உட்காருங்கள். போகிற வருகிற ஆச்சிமாரும் சேர்வார்கள். கைக்கு வேலை இருக்கட்டும், கொட்டான் (ஓலைக்கூடை) முடையலாம். முக்கியமாக, பலகாரம் ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் கந்தரப்பம், அடுத்த வீட்டில் ஐந்து வகை என்று போனால், முடியாதவர்கள் சொல்லாமலே நின்றுவிடுவார்கள்.