மறுமொழி: ‘பொசலான்’ – ‘சுண்ணமேற்பி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘பொசலான்’ (pozzolan) என்பதற்கு, அதாவது சிமெண்டுக் கலவையில் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் நுண்பொடிக்கு, நம் குழுவில் தமிழ்ச் சொல் தேடி வருகிறோம். நான் முன்வைப்பது ‘சுண்ணமேற்பி’. அந்தச் சொல்லுக்குப் போகும் முன் எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் எனக்கு ஏன் வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டி, நடைபாதைக் கல் வார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. சாப்பாட்டுக் கடைகளில் சேரும் காலிப் போத்தல்களை வாங்கி நொறுக்கி, மணலில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கலந்தோம். கல் பார்க்க அழகாக இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் மேலெல்லாம் வலை பின்னியது போல வெடிப்பு விட்டது. ஒரு கோயில் வாசலில் பதித்த கற்கள் அவை. அத்தனையையும் பெயர்த்தெடுத்து எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் இன்னும் மனது சுருக்கென்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. போத்தல் கண்ணாடியில் சுமார் 70 விழுக்காடு சிலிக்கா. சிமெண்டில் உள்ள காரம் கண்ணாடிச் சில்லுகளைத் தாக்கும்போது ஒரு கூழ் உண்டாகிறது. அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. கான்கிரீட்டில் இப்படி ஒரு வினை நடப்பதை 1940-இல் கலிபோர்னியாவில் ஸ்டான்டன் என்ற பொறியாளர் விளக்கினார்.

அதே கண்ணாடியை 75 மைக்ரானுக்கும் கீழே, கோதுமை மாவு போல அரைத்துப் போட்டால் நடப்பதே வேறு. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு பிரிந்து வரும். மழை பெய்து காய்ந்த பிறகு புதுக் கல்லில் வெள்ளையாகப் பூக்கிறதே, அது பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புதான். கண்ணாடி மாவு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, சிமெண்டு இறுகும்போது உண்டாகும் பசையைப் போன்ற ஒன்றாகவே மாறிவிடுகிறது. ஆக, சில்லாகப் போட்டால் கல்லைக் கெடுக்கும், மாவாகப் போட்டால் கல்லை இறுக்கும். நாமோ குழுவில் இரண்டையும் சேர்த்துக் ‘கண்ணாடிக் கழிவுக் கலவை’ என்று எழுதி வருகிறோம். தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். அதை நம்பிக் கலவை போடுபவர் நாங்கள் பட்ட பாட்டையே படுவார்.

குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: மூலச் சொல்லே எரிமலைச் சாம்பலைக் குறிப்பதுதானே. அப்படியே வைத்துக்கொள்ளலாமே?

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி என்ற ஊரின் சாம்பலை ரோமானியர் சுண்ணாம்போடு கலந்து கட்டினார்கள். பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. ஆனால் இன்று இந்தப் பெயருக்குள் அடங்குபவை எத்தனை! எங்கள் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் பாய்லருக்கு நாரையும் கொட்டை ஓட்டையும்தான் எரிக்கிறார்கள். மிஞ்சும் சாம்பலை நன்றாக அரைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். உமிச் சாம்பலும் அப்படியே. இவற்றையெல்லாம் எரிமலைச் சாம்பல் என்று எப்படி எழுதுவது?

மற்றொருவர் எழுதியிருந்தார்: முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்தார்கள். நம் கொத்தனார்கள் வாயில் புழங்கிய சொல், அதுவே போதும்.

இந்த மடலைப் படித்து மகிழ்ந்தேன். 1895-இல் முடிந்த அணை இன்றும் நிற்கிறது. ஆனால் சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் தூள் மட்டும்தான். அது ஒரு பிள்ளையின் பெயர், நாம் தேடுவது குடும்பப் பெயர். கண்ணாடி மாவைச் சுர்க்கி என்றால் எங்கள் ஆட்கள் செங்கல்லைத் தேடிப் போவார்கள்.

‘சுண்ணப்பிணைப்பி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது சுண்ணாம்பே பிணைக்கிறது என்று படிக்க இடம் தருகிறது. ‘சுண்ணமுண்ணி’ காதுக்கு இனிமையாக இருந்தாலும், உண்ணி என்றதும் மாட்டில் ஒட்டும் பூச்சிதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பட்டறையில் கலவை போடும் அக்காவிடம் இந்த மாவு என்ன செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சட்டென்று, “பாக்கை வெறுமனே மென்றால் சிவக்குமா தம்பி? சுண்ணாம்பு பட்டால்தானே சிவக்கும். அந்த மாதிரிதானே?” என்றார். அதேதான். தனியாக ஒன்றும் செய்யாது, சுண்ணாம்பை ஏற்றதும் வேலை செய்யும். அங்கிருந்துதான் ‘சுண்ணமேற்பி’ வந்தது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதிலிருந்து மற்றச் சொற்கள் கிளைக்கின்றனவா என்று பார்ப்பேன். சுண்ணமேற்பு வினை, சுண்ணமேற்புத் திறன், கண்ணாடிச் சுண்ணமேற்பி, சாம்பல் சுண்ணமேற்பி என எல்லாம் இயல்பாக வருகின்றன. வாக்கியத்திலும் வைத்துப் பார்த்தேன்: “சுண்ணமேற்பு வினை மெதுவானது, 28 நாளில் வலிமை சற்றுக் குறைவாக இருந்தாலும் 90 நாளில் ஈடுகட்டிவிடும்.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

சுண்ணம் என்றால் சித்த மருத்துவத்தில் மருந்தாயிற்றே என்று ஒருவர் தயங்கினார். சரியான தயக்கம்தான். ஆனால் ‘சுண்ணாம்பேற்பி’ என்று நீட்டினால் சொல்லும்போது நாக்கு தடுக்குகிறது. கட்டுமானப் பேச்சில் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் ‘கழிவு’ வேண்டாம். அரைத்துச் சலித்து எடை போட்டு மூட்டை கட்டிய பொருளை நாமே கழிவு என்று எழுதினால், வாங்க வருபவர் கல்லையும் அப்படித்தான் பார்ப்பார்.

அடுத்த வாரம் மூட்டைகளில் பெயர் எழுத வேண்டும். நொறுக்கியதற்கு ‘கண்ணாடிச் சில்லு’, அரைத்ததற்கு ‘கண்ணாடிச் சுண்ணமேற்பி’ என்று தனித்தனியாக எழுத எண்ணம். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். சாயம் காய்ந்த பிறகு மாற்றுவது சிரமம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து