ஈரலைப் பார்க்காமல் அடிக்கிற முத்திரை

இலங்கையின் வன்னிக் கொல்களங்களில் அடிக்கடி நடப்பது இதுதான்: இறைச்சியைச் சோதித்து முத்திரை அடிக்கிற பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரும்போது மாடு உரித்துத் தொங்கும், ஈரலும் குடலும் வாளிக்குள் போயிருக்கும். தொடையை மட்டும் பார்த்து முத்திரை அடித்தால் அது வெறும் மை. மூன்று ஈரல் ஒரே வாளியில் கிடந்தால் எது எந்த மாட்டினது? தலை, நுரையீரல், ஈரல், மண்ணீரல் எல்லாம் அந்தந்த உடலுக்குப் பக்கத்திலேயே கொழுக்கியில் தொங்க வேண்டும். தோலும் அப்படித்தான். குறிசுட்ட அடையாளத்தையும் காதுத்தோட்டு இலக்கத்தையும் மாட்டுச் சீட்டோடு (உரிமைப் பத்திரம்) ஒப்பிட்ட பிறகே அது உப்புக்குப் போகலாம். களவு மாடு பிடிபடுகிற இடம் இது.

ஈரலைத் தடவிப் பார்த்தால் போதாது. அடிப்பக்கத்தில் பித்தக் குழாயை வெட்டி அமுக்க வேண்டும். புழுப் பிடித்த குழாய் தடித்திருக்கும், கத்தியில் கறகறக்கும். அமுக்கினால் இலை மாதிரித் தட்டைப்புழு வழுக்கி வரும். நன்னீர் நத்தையால் பரவுவதால், குளத்தங்கரையில் மேய்ந்த மாடென்றால் இந்த வெட்டை விடவே கூடாது. நுரையீரலில் நீர்க்கட்டி கண்டால் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு எறியாதீர்கள். நாயின் குடலில் புழுவாகி, முட்டை மலத்தோடு வந்து மனிசருக்குத் தொற்றும். மூடியுள்ள ஆழக்குழிதான் அதற்கு இடம்.

மாடு திடீரெனச் செத்து, மூக்காலும் பின்னாலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அடைப்பானாக (அந்த்ராக்ஸ்) இருக்கலாம். கத்தியே வைக்கக் கூடாது. திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாகி, மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

*

மேலே விடுபட்டது, அறுக்க முதல் மாட்டுக்குக் கொடுக்கிற ஓய்வு. லொறியால் இறக்கின கையோடு அறுத்தால் இறைச்சி கறுத்து, கையில் ஒட்டும். களைத்த தசையில் சர்க்கரை தீர்ந்திருப்பதால் அறுத்த பிறகு அமிலம் ஊறாது, பீஎச் (அமில அளவு; குறைந்தால் அமிலம் கூட) 5.5 பக்கம் இறங்காமல் 6க்கு மேல் நிற்கும். குளிர்பெட்டி இல்லாத கடையில் அது வேளைக்கே நாறும். முதல்நாள் பின்னேரமே கட்டி, தண்ணீர் மட்டும் வையுங்கள். வயிறு வெறுமையானால் குடல் கிழிந்து சாணி படுவதும் குறையும்.

மாடு அறுக்கவும் இறைச்சி விற்கவும் வேண்டிய அனுமதிப்பத்திரம் 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையின் கையில். கடைக் குத்தகைக் காசும் அதே சபைக்குத்தான் போகிறது. கண்டிப்பு ஏன் தளர்கிறது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

*

இரத்தம்: 200 கிலோ மாட்டில் 6 முதல் 8 லீற்றர் வடியும். குழாயைத் திறந்து கானுக்குள் அடித்தால் நாற்றம் ஒருபக்கம், மணல் நிலமென்றால் பக்கத்துக் கிணறு மறுபக்கம். முதலில் தொட்டியில் பிடியுங்கள், பிறகு தரையைக் கழுவுங்கள்.