பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்

கலை சிகிச்சையில், அதாவது படம் வரைந்தும் களிமண்ணில் செய்தும் மனதில் இருப்பதை வெளிக்கொண்டுவரும் சிகிச்சையில், ரகசியம் காப்பது என்றாலே படிவம், பூட்டு, அலமாரி என்றுதான் பேசுகிறோம். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் மாற்றிவிடுங்கள். நானும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வேலைக்கு வந்து ஆறாவது வருஷம். பயிற்சிக்கு வந்த புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். என் கிளையண்ட் ஒருவர் வரைந்த படத்தை ஸ்லைடில் போட்டேன். பெயர் இல்லை, வயது இல்லை, ஓரத்தில் இருந்த தேதியைக்கூட வெட்டிவிட்டேன். கீழே இறங்கும் படிக்கட்டு, கடைசிப் படியில் ஒற்றைச் செருப்பு. அதை வைத்து இழப்பைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றார். "மேடம், இது எங்க சித்தி பொண்ணு வரைஞ்சதுதானே? சின்ன வயசுலேருந்து படிக்கட்டை இப்படித்தான் கோணலா போடுவா."

ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "யார் வரைஞ்சதுன்னு நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன். என் பதில் அவருக்குத் தேவைப்படவே இல்லை. கோடும் கையெழுத்து மாதிரிதான், தெரிந்தவர்களுக்குப் பெயரே வேண்டாம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

முதல் நாளே 'படங்களைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம்' என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன். அன்றைக்கு அந்தப் படிக்கட்டே இல்லை. என்ன வரையப் போகிறோம் என்று தெரியாத ஒருவரிடம், அதைக் காட்டுவதற்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். மேற்பார்வையாளரிடம் சொல்லி அழுதேன். பிறகு கிளையண்டிடமே சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: "படத்தைப் பாத்தது பரவால்ல. செருப்பு யாரோடதுன்னு சொன்னீங்களா?"

சொல்லியிருந்தேன்.

அடுத்த நாலு வாரமும் வந்தார், வரையவில்லை. களிமண்ணை எடுத்து ஏதோ செய்வார். நேரம் முடியும் முன் மறுபடி உருண்டையாக்கி வைத்துவிட்டுப் போவார். எதையும் என்னிடம் விட்டுவைக்கவில்லை.

சிகிச்சைக்குப் போன ஒருவர்:
மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் போன இடத்தில் ஈரம் காய வேண்டும் என்று படங்களை ஜன்னலோரக் கம்பியில் மாட்டுவார்கள். எனக்கு முந்தைய நேரத்துக்கு வருபவரை வாசலில் பார்ப்பேன், ஒரு புன்னகை, அவ்வளவுதான். உள்ளே போனால் அவருடைய ஈரப் படம் தொங்கும். ஒருநாள் அதில் இருந்ததைப் பார்த்த பிறகு அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் தோன்றியது, எனக்கு அடுத்து வருபவர் என் படத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்? அதற்குப் பிறகு இரண்டு மாதம் பூக்கள் மட்டும் வரைந்தேன். சிகிச்சையாளர் நான் தேறிவிட்டேன் என்று நினைத்திருப்பார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சிறுவர்களோடு வேலை செய்பவர்:
ஈரப் படத்தை உடனே கோப்பில் வைக்கவும் முடியாது, ஒட்டிக்கொள்ளும். எங்கள் அறையில் உலர்த்தும் தட்டுகளுக்கு முன்னால் திரை போட்டிருக்கிறோம். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் எல்லாம் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். அதற்காகவே பத்து நிமிஷ இடைவெளி வைக்கிறேன்.

எனக்குக் கஷ்டமானது பெற்றோர்தான். ஒன்பது வயதுப் பையன். "அம்மாகிட்ட காட்டாதீங்க" என்று படத்தை மேஜைக்கு அடியில் தள்ளினான். வெளியே அம்மா நிற்கிறார்: "என்ன வரைஞ்சான் சார்? எங்களைப் பத்தியா? எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே நாங்களும் மாறுவோம்?" தப்பான கேள்வி இல்லை, பயந்துபோன தாயின் கேள்வி. அன்று நான் தடுமாறினேன். இப்போதெல்லாம் முதல் நாளே பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்துவிடுகிறேன். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றாலோ, அவன் தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்வான் என்று தோன்றினாலோ நான் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சை எப்படிப் போகிறது என்பதையும் பொதுவாகச் சொல்வேன். படம் அவனுடையது, வீட்டில் காட்டுவதை அவன்தான் முடிவு செய்வான். இதை அவன் காதுபடச் சொல்வதுதான் முக்கியம்.

ஒருமுறை சொல்ல வேண்டிய நிலைமையும் வந்தது. ஒரு சிறுமி வரைந்ததும், வரைந்துகொண்டே சொன்னதும். படத்தை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. கறுப்பாக வரைந்தால் துயரம், பெரிய கை என்றால் அடி என்று அகராதி எதுவும் கிடையாது. அவள் வாயால் சொன்னதுதான் என்னை எழ வைத்தது. சொல்லப் போகிறேன் என்பதை முதலில் அவளிடம் சொன்னேன். "சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே" என்றாள். எதைச் சொல்வேன் என்று முதல் நாள் பேசியதை நினைவுபடுத்தினேன். புரிந்தது, ஆனாலும் கோபம் தீரவில்லை. அந்தக் கோபத்தோடேதான் பிறகு வேலை செய்தோம்.

இன்னொருவர்:
போன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவுக்காக ஒரு படத்தை என் சொந்த போனில் எடுத்தேன். அது தானாகவே இணையத்தில் உள்ள மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) போய், வீட்டு டேப்லெட்டில் வந்து நின்றது. "அம்மா, இது யாரு வரைஞ்சது?" என்று என் மகள் கேட்டாள். அன்றோடு சொந்த போனில் எடுப்பதை விட்டேன்.

குழு அமர்வுகள் நடத்துபவர்:
குழுவில் இது இன்னும் சிக்கல். ஒருவர் தன் படத்தைத்தான் போனில் எடுப்பார், பின்னால் பக்கத்தில் இருப்பவருடைய படம் பாதி விழுந்திருக்கும். போன்களை வெளியே வைக்கச் சொல்லலாம். ஆனால் குழுவில் இருக்கும் எல்லாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று என்னால் வாக்குத் தர முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிலர் அதைக் கேட்டுவிட்டுத் தனி அமர்வு கேட்பார்கள். கேட்கட்டும்.

மூத்த சிகிச்சையாளர் ஒருவர்:
எல்லாரும் மறைப்பதைப் பற்றியே எழுதுவதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் கிளையண்ட் ஒருவர் கண்காட்சியில் தன் பெயரோடுதான் படத்தை வைப்பேன் என்றார். நான் பதறிவிட்டேன், பெயர் வேண்டாமே என்றேன். "வெட்கப்பட வேண்டியது எது, என் பேரா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் 1922இல் வெளியிட்ட நூலில் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களின் ஓவியங்களைப் பற்றி எழுதினார். பத்துப் பேரை விரிவாக எழுதியபோது அவர்களுக்குப் புனைபெயர் கொடுத்தார். 'ஃபிரான்ஸ் போல்' என்று உலகம் வியந்த ஓவியர் உண்மையில் ஃபிரான்ஸ் கார்ல் பூலர் என்ற, இரும்பில் கலைவேலை செய்த கொல்லர். 1940இல், மனநோயாளிகளைக் கொல்லும் நாஜிகளின் திட்டத்தில் அவரைக் கொன்றார்கள். படம் புகழ் பெற்றது, வரைந்தவரின் பெயர் மட்டும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. குடும்பத்துக்குக் களங்கம் வரக் கூடாது என்ற நல்லெண்ணம் ஒருவருடைய படைப்பிலிருந்து அவரையே எடுத்துவிடவும் கூடும்.

என் கிளையண்டோடு மூன்று அமர்வு இதைப் பற்றியே பேசினோம். இணையத்தில் ஏறினால் இறக்க முடியாது, நாளை வேலை கொடுப்பவர் பார்க்கலாம், வீட்டார் பார்க்கலாம். எல்லாம் கேட்டுவிட்டுத் தன் பெயரை வைத்தார், நோயின் பெயரை வைக்கவில்லை. மாட்டிய படத்தைக் கடைசி நாள்வரை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்றும் எழுதிக்கொடுத்தோம்.

முதலில் எழுதியவர்:
அவர் மறுபடி வரைந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாவது வாரம் படிக்கட்டுப் படத்தைக் கேட்டார், கொடுத்தேன். ஸ்லைடை அவர் முன்னாலேயே அழித்தேன். வகுப்புக்கு ஏற்பாடு செய்தவர்களுக்கு அனுப்பிய பிரதியை அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அழித்தார்களா என்று என்னால் பார்க்க முடியாது என்பதையும் அவரிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாள் எடுத்தார். வரைந்து முடித்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு தானே திருப்பினார். "பாருங்க. ஆனா எழுதிக்காதீங்க" என்றார். பேனாவை மூடினேன். அன்றைய குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது: 'வரைந்தார். படம் அவரிடம்.'